முதுமையில் வந்த எல்லைக்கோடு

பென்சன் என்றதும் எமக்கு ஞாபகம் வருவது பத்தாந் திகதி வங்கி வாசலில் குடையோடு நிற்கும் வரிசைதான். பிரதேச செயலகமொன்றின் ஓய்வூதியப் பிரிவில் பல வருடங்கள் கடமையாற்றியவள் என்பதால், அந்த வரிசையில் நிற்பவர்களின் கவலைகள் எனக்கு நன்கு தெரியும். இந்த மாதம் காசு விழுந்து விட்டதா? மருந்துக்குக் காணுமா? நான் கண்ணை மூடினால் மனிசிக்கு ஏதும் கிடைக்குமா? உலகத்தின் எந்த மூலையிலும் ஓய்வூதியர்களின் கேள்விகள் இவைதான்.

இம்முறை நான் எழுதப்போவது எங்கள் ஊர் ஓய்வூதியர்களைப் பற்றியல்ல. பிரித்தானியாவில் உழைத்து, பென்சன் எடுத்த பின்னர் ஸ்பெயின், பிரான்ஸ், போர்த்துக்கல், இத்தாலி போன்ற நாடுகளில் போய்க் குடியிருக்கும் முதியவர்களைப் பற்றி. அவர்கள் தங்கள் வீட்டை விட்டு ஓர் அடியும் நகரவில்லை. ஆனால் அவர்களது நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபோது, அவர்கள் குடியிருந்த வீட்டின் மீதும், குடித்த மருந்தின் மீதும், ஓட்டிய வாகனத்தின் மீதும் ஒரு கேள்விக்குறி விழுந்தது.

"வெள்ளைக்காரக் கிழவர்களின் கவலை எங்களுக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கக்கூடும். எங்கள் வீடுகளில் பாதிப் பிள்ளைகள் லண்டனிலும் பாரிசிலும் இருக்கின்றார்கள். இந்த மாற்றம் அவர்களையும் தொட்டது. அதைவிட, எங்கோ தூரத்தில் எடுக்கப்பட்ட ஒரு தீர்மானம் தன் வாழ்க்கையைக் கடதாசியாக்கி மேசைக்கு மேசை கொண்டுபோய்க் காட்டச் செய்யும்போது ஒரு பெண் என்ன பாடுபடுவாள் என்பது எங்களுக்குச் சொல்லித்தர வேண்டிய விடயமல்ல.

ஏன் அங்கே போனார்கள்?

பிரித்தானியா 1973 இல் ஐரோப்பியச் சமூகத்தில் இணைந்தது. ஸ்பெயின் 1986 இல் சேர்ந்தது. 1990 இல் வந்த ஒரு சட்ட ஏற்பாடு, வேலை செய்யாத ஓய்வூதியர்களும் போதிய வருமானமும் மருத்துவக் காப்புறுதியும் இருந்தால் எந்த உறுப்பு நாட்டிலும் குடியிருக்கலாம் என்றது. வெயிலும் மலிவான வீடும் தேடிப் பலர் ஸ்பெயினின் கடலோரங்களுக்குப் போனார்கள். அலிகான்ரே மாகாணத்தில் ஆங்கிலம் மட்டும் பேசியே காலந்தள்ளக்கூடிய குடியிருப்புகள் உருவாகின.

இவர்கள் எல்லோரும் பணக்காரர்கள் என்று எண்ண வேண்டாம். பஸ் சாரதிகள், தாதியர், கடைச் சிப்பந்திகள், தொழிற்சாலைத் தொழிலாளர் என்று சாதாரணமானவர்களே அதிகம். இங்கிலாந்தில் இருந்த சிறு வீட்டை விற்று, அங்கே ஒரு வீடு வாங்கி, அரச பென்சனோடு வாழலாம் என்று கணக்குப் போட்டவர்கள். 2016 அளவில் ஸ்பெயினில் பதிவு செய்திருந்த பிரித்தானியர் ஏறத்தாழ 3 இலட்சம் பேர். அவர்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் 65 வயதைத் தாண்டியவர்கள்.

அவர்களைக் கேளாத வாக்கெடுப்பு

2016 ஜூன் 23 இல் சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. விலக வேண்டும் என்று 51.9 வீதமானோரும், இருக்க வேண்டும் என்று 48.1 வீதமானோரும் வாக்களித்தனர். இதில் ஒரு கொடுமை உண்டு. 15 வருடங்களுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்த பிரித்தானியருக்கு அப்போது வாக்குரிமை கிடையாது. ஆகவே இந்தத் தீர்மானத்தால் நேரடியாகப் பாதிக்கப்படவிருந்த முதியவர்கள் பலர் வாக்களிக்க முடியாமல் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த விதிக்கு எதிராக இறுதிவரை போராடியவர் ஹரி ஷின்ட்லர். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் அன்சியோ கடற்கரையில் இறங்கிப் போரிட்ட சிப்பாய் அவர். முதுமையில் இத்தாலியிலேயே குடியேறினார். தன் நாட்டுக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தவருக்கு அந்த நாட்டில் ஒரு வாக்கு இல்லாமற் போனது. ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை போனார். 2013 இல் தோற்றார். ஆனால் ஓயவில்லை. இறுதியில் சட்டம் மாறி, 2024 ஜனவரி 16 இல் அந்த 15 வருட விதி நீங்கியது. அதைக் காண அவர் உயிரோடில்லை. 2023 பெப்ரவரியில், தமது 101 ஆவது வயதில் காலமாகிவிட்டார்.

முதல் அடி கைப்பையில்

சட்டம் மாறுவதற்கு முன்னரே காசு மாறிவிட்டது. இவர்களது பென்சன் வருவது பவுணில்; அரிசியும் எண்ணெயும் மருந்தும் வாங்குவது யூரோவில். வாக்கெடுப்பு நாளில் ஒரு பவுணுக்குச் சுமார் 1.30 யூரோ கிடைத்தது. 2017 ஆகஸ்டில் அது 1.10 இற்கும் கீழே போனது. மாதம் 500 பவுண் எடுக்கும் ஒரு விதவைத் தாயை நினைத்துப் பாருங்கள். முன்பு 650 யூரோ கையில் வந்தது. பின்னர் 550 யூரோவும் வரவில்லை. அவர் எதுவும் கூடுதலாகச் செலவழிக்கவில்லை. ஆனாலும் மாதத்தில் ஏறத்தாழ ஐந்து நாட்களின் சாப்பாடு மறைந்துவிட்டது.

பெண்களுக்கு இந்த அடி பலமானது. பிரித்தானியாவில் ஒரு காலத்தில் திருமணமான பெண்கள் குறைந்த சந்தா கட்டலாம் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. "கணவரின் பென்சன் இருக்கின்றதுதானே" என்ற எண்ணம். 1977 இற்குப் பிறகு அதில் புதிதாக எவரும் சேர முடியாது. ஆனால் முன்பு சேர்ந்திருந்தவர்களுக்கு முதுமையில் சொந்தப் பென்சன் மிகச் சிறியதாகவே வந்தது. பிள்ளை வளர்க்க வேலையை விட்டவர்களின் கதையும் இதுதான்.

எது தப்பியது?

2016 இலிருந்து 2020 வரை இந்த முதியவர்கள் தூக்கம் கெட்டு இருந்தார்கள். விலகும் நாள் 2019 மார்ச் 29 என்றார்கள். பிறகு ஒக்டோபர் 31 என்றார்கள். கடைசியில் 2020 ஜனவரி 31 இல் பிரித்தானியா விலகியது. அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை இடைமாறு காலம் கொடுக்கப்பட்டது.

விலகல் ஒப்பந்தம் ஒரு முக்கியமான காரியத்தைச் செய்தது. 2020 டிசம்பர் 31 இற்கு முன்னர் சட்டப்படி குடியிருந்தவர்களுக்குத் தொடர்ந்து இருக்கும் உரிமையைக் காப்பாற்றிக் கொடுத்தது. ஐந்து வருடங்கள் இருந்தால் நிரந்தர வதிவிடம் உண்டு. அந்த நிரந்தர உரிமை, தொடர்ச்சியாக ஐந்து வருடங்கள் நாட்டுக்கு வெளியே இருந்தால்தான் அற்றுப்போகும். மருத்துவச் செலவும் தப்பியது. அரச பென்சன் எடுக்கும் ஒருவர் 'எஸ் 1' என்ற படிவத்தைக் கொடுத்துப் பதிந்தால், ஸ்பெயின் நாட்டவரைப் போலவே சிகிச்சை பெறலாம். செலவைப் பிரித்தானியா திருப்பிக் கொடுக்கும்.

வருடாந்தப் பென்சன் உயர்வும் தப்பியது. இதன் பெறுமதியை இலங்கையில் இருக்கும் நாங்கள் நன்றாக விளங்கிக்கொள்ளலாம். ஏனென்றால் பிரித்தானிய அரச பென்சன் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி உயர்வதில்லை. கனடா, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா, இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளில் வாழ்பவர்களுக்கு அது உறைந்துபோய் நிற்கும். 2000 ஆம் ஆண்டில் முழு அடிப்படைப் பென்சன் வாரத்துக்கு 67.50 பவுண். அந்த ஆண்டில் ஓய்வுபெற்று யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிய ஒருவருக்கு இன்றும் அதே 67.50 பவுண்தான். அதே நாளில் ஓய்வுபெற்று ஸ்பெயினுக்குப் போனவருக்கு 2025 ஏப்ரலில் அது 176.45 பவுணாக இருந்தது. இருவரும் கட்டிய சந்தா ஒன்றுதான். போய் இருந்த இடம் மட்டுமே வேறு.

இந்த அநீதிக்கு எதிராகத் தென்னாபிரிக்காவில் வாழ்ந்த அனெற் கார்சன் என்ற பெண்மணி வழக்காடினார். 2010 இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. ஸ்பெயினில் இருந்த முதியவர்கள் பயந்தது இதற்குத்தான்: எங்கள் பென்சனும் இனி உறைந்துவிடுமோ? விலகல் ஒப்பந்தமும் அதற்குப் பின் வந்த வர்த்தக உடன்படிக்கையும் அந்தப் பயத்தைப் போக்கின.

கடதாசி இல்லாதவர்கள்

எல்லாம் காப்பாற்றப்பட்டது என்றால் பிரச்சினை எங்கே? "சட்டப்படி குடியிருந்தவர்கள்" என்ற இரண்டு சொற்களில்தான்.

எல்லைகள் திறந்திருந்த காலத்தில் பலர் உள்ளூரில் பதியாமலே வருடக்கணக்காக வாழ்ந்துவிட்டார்கள். கேட்பார் இல்லை. சிலர் வரிக்குப் பயந்து பதியவில்லை. சிலருக்கு மொழி தெரியாது. பல வீடுகளில் கணவர்தான் எல்லாக் கடதாசியும் பார்த்தவர். அவர் கண் மூடியபின், எந்தக் கந்தோரில் என்ன இருக்கின்றது என்று மனைவிக்குத் தெரியவில்லை. தண்ணீர் பில், மின்சார பில், வீட்டு உறுதி, வங்கிக் கணக்கு எல்லாம் அவர் பெயரில். இருபது வருடம் அதே சமையலறையில் சமைத்தவர், தான் அங்கே வாழ்ந்ததை நிரூபிக்கக் கடதாசி தேடி அலைந்தார்.

ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாக நடந்தது. ஸ்பெயினில் குடியிருந்த உரிமை தானாகவே தொடர்ந்தது. அட்டை அதற்கு அத்தாட்சி மட்டுமே. பிரான்சில் அப்படியல்ல. 2021 செப்டெம்பர் 30 இற்குள் விண்ணப்பித்தே ஆகவேண்டும். போர்த்துக்கலில் அட்டை வர வருடக்கணக்கில் தாமதமாகியது. சுவீடனில் மறதி நோயால் படுக்கையோடு கிடந்த ஒரு முதிய பெண்ணின் கடவுச்சீட்டு காலாவதியாகியிருந்ததால் விண்ணப்பம் சிக்கி, நாட்டை விட்டுப் போகவேண்டும் என்ற கட்டளையே வந்தது. இதனை 2023 இல் பத்திரிகைகள் எழுதியபோது பலரும் வெட்கப்பட்டார்கள்.

வாகனம் நின்ற பத்து மாதங்கள்

பெரிய உரிமைகளைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். ஆனால் முதியவர்களைப் பிடித்து இழுத்தது சின்ன விடயங்கள்தான். அதில் ஒன்று சாரதி அனுமதிப்பத்திரம்.

ஒன்றியத்தில் இருந்தபோது பிரித்தானிய அனுமதிப்பத்திரத்தோடு ஸ்பெயினில் ஓட்டலாம். விலகிய பின்னர் இரு நாடுகளும் இதுபற்றி உடன்படவில்லை. தவணைமேல் தவணை கொடுத்து, 2022 மே 1 ஆம் திகதியோடு அந்த அனுமதி நின்றது. அங்கு குடியிருந்து, நேரகாலத்தோடு மாற்றிக்கொள்ளாதவர்கள் ஸ்பானியப் பரீட்சை எழுதித் தேறவேண்டும், இல்லையேல் ஓட்டக்கூடாது. 2023 மார்ச்சில்தான் புதிய உடன்படிக்கை வந்தது.

மலையடிவாரக் கிராமங்களில் பஸ் இல்லை. கடைக்கும் வைத்தியசாலைக்கும் பல கிலோமீற்றர். நோயாளிக் கணவரைக் கொண்டுபோய் வரும் ஒரு மூதாட்டிக்கு அந்தப் பத்து மாதமும் எப்படிப் போயிருக்கும்? பாதை மூடிய காலத்தில் சைக்கிளில் நோயாளியை ஏற்றிச் சென்ற எங்களுக்கு இது விளங்கும்.

திரும்பிப் போவதும் இலேசல்ல

"அவ்வளவு கஷ்டம் என்றால் தங்கள் நாட்டுக்குத் திரும்பிப் போகலாமே?" இது எல்லா நாட்டிலும் கேட்கும் பேச்சு. எங்களுக்கும் சொன்னார்கள்.

ஸ்பெயினில் வீட்டை விற்ற காசுக்கு இங்கிலாந்தில் அதே அளவு வீடு வாங்குவது கடினம். திரும்பிப் போகும் பிரித்தானியரும், வருமானம் குறைந்தோருக்கான அரச உதவிகளைப் பெறுவதற்கு முன்னர், தாம் அங்கு வழமையாகக் குடியிருப்பவர்தான் என்று காட்டவேண்டும். பிறந்த நாட்டிலேயே வதிவிடத்தை நிரூபிக்கும் நிலை!

எல்லாவற்றிலும் பெரிய இடி, வேற்று நாட்டவரை மணந்தவர்களுக்கு. பிரித்தானியக் கணவரும் ஸ்பானிய மனைவியும் சேர்ந்து பழைய முறைப்படி இங்கிலாந்துக்குத் திரும்ப 2022 மார்ச் 29 வரைதான் அவகாசம் கிடைத்தது. அதன்பின் மனைவிக்கு விசா எடுக்கவேண்டும். அதற்கு 2024 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 29,000 பவுண் வருமானம் காட்டவேண்டும், அல்லது பெருந்தொகைச் சேமிப்பு இருக்கவேண்டும். 2025 ஏப்ரலில் முழுப் புதிய அரச பென்சன் வாரத்துக்கு 230.25 பவுண், வருடத்துக்கு 12,000 பவுண் கூட வராது. நாற்பது வருடம் ஒன்றாக வாழ்ந்த ஒரு தம்பதி, கணவரின் கடைசிக் காலத்தை அவரது சகோதரர்கள் அருகில் கழிக்க விரும்பினாலும், வருமானக் கணக்கு குறுக்கே நிற்கின்றது.

மறுகரையில் எங்கள் ஆட்கள்

இதே எல்லைக்கோடு மறுபக்கமும் விழுந்தது. பிரித்தானியாவில் வாழ்ந்த ஐரோப்பியர்கள் 2021 ஜூன் 30 இற்குள் வதிவிடத் தகுதிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று விதி வந்தது. அறுபதுகளிலேயே வந்து உழைத்த இத்தாலியக் கிழவர்களும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. நூறு வயதைக் கடந்த ஒருவரின் பிறந்த ஆண்டைக் கணினி பிழையாக வாசித்து, அவரைக் குழந்தையென்று எண்ணி, பெற்றோரின் அத்தாட்சியைக் கேட்டது. இது சிரிப்பதற்குரிய செய்தியாகப் பரவியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தக் கூட்டத்தில் எங்கள் மக்களும் இருந்தார்கள். போர்க்காலத்தில் நெதர்லாந்து, ஜேர்மனி, டென்மார்க், பிரான்ஸ் என்று போய், அந்நாட்டுப் பிரசாவுரிமை பெற்று, பின்னர் பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காகவும் உறவினருக்காகவும் லண்டனுக்கும் லெஸ்ரருக்கும் மாறிய குடும்பங்கள் பல. எனது சின்னம்மாவின் மகள் ஒருத்தி அப்படிப் போனவள். விண்ணப்பித்த நாட்களில் தொலைபேசியில் சொன்னாள்: "அக்கா, ஊரிலை ஒரு பதிவு, ஒல்லாந்திலை ஒரு பதிவு, இப்ப இஞ்சையும் ஒரு பதிவு. நான் எங்கத்தை ஆள் எண்டு கடதாசிதான் சொல்ல வேணும் போலை."

அவளுக்குத் தகுதி கிடைத்தது. ஆனால் கையில் அட்டை இல்லை, எல்லாம் கணினியில். அறுபதைக் கடந்த அவள் தன் உரிமையைக் காட்ட மகளின் கைபேசியை நம்பியிருக்கின்றாள்.

இனிப் போக நினைப்பவர்களுக்கு

2021 இற்குப் பின்னர் ஸ்பெயினுக்குப் போக விரும்பும் பிரித்தானிய ஓய்வூதியர் வெளிநாட்டவராகவே கணிக்கப்படுகின்றார். விசா இல்லாமல் 180 நாட்களில் 90 நாட்கள்தான் இருக்கலாம். குடியேற விசா கேட்டால் மாதம் ஏறத்தாழ 2,400 யூரோ வருமானம் காட்டவேண்டும். அரச பென்சன் மட்டும் எடுக்கும் ஒருவருக்கு மாதம் 1,000 பவுண் அளவில்தான் வருகின்றது. ஒரு காலத்தில் பஸ் சாரதியும் தாதியும் போன இடத்துக்கு இனி வசதியுள்ளவர்கள் மட்டுமே போகலாம். எல்லை மூடும்போது அது எல்லோருக்கும் ஒரே மாதிரி மூடுவதில்லை. ஏழைக்கு முதலில் மூடுகின்றது.

நாங்கள் எடுத்துக்கொள்ளக்கூடியவை

இவர்களது கதையை வாசித்தபோது, என் மேசைக்கு முன்னால் வந்து நின்ற பெண்களின் முகங்களே எனக்கு ஞாபகம் வந்தன. முள்வேலிக்குள்ளால் வந்தபோது கடதாசிகளைத் தொலைத்தவர்கள், நடமாடும் சேவைகளில் நாள் முழுவதும் காத்திருந்து பிறப்புப் பதிவை மீளப் பெற்றவர்கள். அந்த அனுபவத்தோடு சேர்த்துச் சில வார்த்தைகள்.

1. வீட்டுக் கடதாசிகள் எல்லாம் ஒருவரின் பெயரில் மட்டும் இருக்க விடாதீர்கள். மின்சார பில்லோ வங்கிக் கணக்கோ ஏதாவது ஒன்று உங்கள் பெயரிலும் இருக்கட்டும். வாழ்ந்த இடத்துக்கு அதுவே சாட்சி.

2. கணவரின் பென்சன், சேமலாப நிதி, காப்புறுதி ஆகியவற்றில் பின்னுரித்தாளியாக யார் பெயர் உள்ளது என்பதை இன்றே கேட்டுப் பாருங்கள். கேட்பது அவநம்பிக்கையல்ல.

3. கடவுச்சீட்டு, அடையாள அட்டை என்பவற்றின் திகதிகளைக் கலண்டரில் குறித்து வையுங்கள். முதியவர்களுடையதைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

4. வெளிநாட்டுப் பென்சன் எடுப்பவர் வீட்டில் இருந்தால், அந்த நாட்டிலிருந்து வரும் உயிர்வாழ் சான்றுப் படிவத்தை மூலையில் போடாதீர்கள். உரிய காலத்தில் நிரப்பி அனுப்பாவிட்டால் பென்சன் நிறுத்தப்படும்.

5. "பென்சன் எடுத்து ஊரோடு வந்துவிடுகின்றேன்" என்று லண்டனில் இருக்கும் உறவினர் சொன்னால், அவரது அரச பென்சன் இங்கு உறைந்து நிற்கும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். வரவேண்டாம் என்பதற்கல்ல, கணக்குப் பார்த்து வரட்டும் என்பதற்கு.

6. "மகனோடு போய்க் கடைசிக் காலத்தைக் கழிக்கலாம்" என்று எண்ணும் தாய்மார், பிரித்தானியாவில் 2012 முதல் பெற்றோருக்கான விசா மிகவும் இறுக்கமாக இருப்பதை அறிந்திருக்க வேண்டும். நீண்டகாலப் பராமரிப்புத் தேவை என்பதையும், பிள்ளைகள் காசு அனுப்பினாலும் அந்தப் பராமரிப்பை இங்கே பெற முடியாது என்பதையும் காட்டவேண்டும். அதை நம்பி வீட்டையோ காணியையோ முன்கூட்டியே விற்றுவிடாதீர்கள்.

ஸ்பெயினின் கடற்கரையோரத்தில் தம் வதிவிட அட்டையைக் கைப்பையில் பத்திரமாக வைத்திருக்கும் அந்த மூதாட்டிகளை நாங்கள் ஒருநாளும் காணப்போவதில்லை. அவர்கள் பட்ட துன்பமும் நாங்கள் பட்டதும் ஒன்றல்ல; எங்கள் தலைக்கு மேல் குண்டு விழுந்தது, அவர்களுக்குச் சட்டம்தான் மாறியது. ஆனாலும் "இது என் வீடு, இங்கேதான் சாவேன்" என்று சொல்லும் உரிமைக்காக ஒரு வயோதிபப் பெண் கடிதக்கட்டோடு வரிசையில் நிற்பதைக் கேட்டால், எங்களுக்கு மனம் இளகாமல் இருக்குமா? இந்த மாதம் உங்கள் அயலில் இருக்கும் ஒரு முதியவரின் கடதாசிகளை எடுத்து ஒருமுறை பார்த்து, திகதி முடிந்தவற்றைப் புதுப்பித்துக் கொடுங்கள். கையில் வேலையில்லாத ஒரு பின்னேரம் அதற்குப் போதும்.